கை போட்டவருக்குப் பங்கு

மகள் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நாங்கள் இரண்டு பேரும் திருகோணமலைக்குத் திரும்பிப் போகப்போகிறோமா, அல்லது அங்கேயுள்ள லிங்கநகர் வீட்டை விற்றுவிட்டு அவளோடு பிரான்சிலேயே இருந்துவிடப்போகிறோமா? பதிலை உடனே சொல்ல வேண்டாம் என்றாள். அவளும் மருமகனும் எங்களுக்காகப் போர்த்துக்கலில் ஒரு கேம்பர் வானை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வான். கடற்கரையோரமாக இரண்டு பேரும் தனியே ஓடித் திரியுங்கள், யாரும் உங்கள் காதுக்குள் ஓதமாட்டோம், வானைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு முடிவைச் சொன்னால் போதும் என்றாள்.

என் முடிவு எனக்கு அதற்கு முன்பே தெரியும். இருந்துவிட வேண்டும். பேத்திக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. விழுந்த பல்லைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மாவிடம்கூட அதைக் கொடுக்கவில்லை. அந்த நம்பிக்கையை விட்டுவிட்டு எந்த மனதோடு விமானம் ஏறுவது?

அதைவிடப் பெரிய காரணம் என் வீட்டுக்காரர், இவருடைய நெஞ்சு. போன வருடம் ஒரு மத்தியானம் முற்றத்தில் நின்றவர் வியர்த்துக் கொட்டி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். திருகோணமலை ஆசுபத்திரியில் பார்த்துவிட்டு உடனே கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். போகிற வழியில் ஹபரணைக் காட்டுக்குள் ஒரு ஒற்றை யானை றோட்டுக்குக் குறுக்கே நின்றது. அம்புலன்ஸ் சாரதி சத்தமில்லாமல் வண்டியை நிறுத்தினார். யானை கொப்பு முறித்து ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. நான் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பிள்ளையார் பெயர்களையெல்லாம் சொல்லி அந்த யானையைக் கெஞ்சினேன். கொழும்பில் இரத்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பிவலை வைத்து அனுப்பினார்கள். மகளுடைய வீட்டு ஜன்னலால் பார்த்தால் பெரிய ஆசுபத்திரி ஒன்று தெரியும். காலையில் தேத்தண்ணீரோடு அந்த ஜன்னலடியில் நிற்கிறபோது எனக்கு வருகிற நிம்மதி வேறு எங்கேயும் வந்ததில்லை.

இவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. நான் தபால் கந்தோரில் வேலை பார்த்தவள். எதற்கும் முத்திரை குத்தி அதனதன் பையில் போட்டால்தான் எனக்கு நித்திரை வரும். இவர் திருகோணமலைக்கும் நிலாவெளிக்கும் பஸ் ஓடியவர். சந்தி வந்தால்தான் வளைப்பார்; முன்னாலே கேட்டால் “பாப்பம்” என்பார். நான் இருப்போம் என்றால் இவர் மறுபேச்சில்லாமல் இருப்பார், அது தெரியும். ஆனால் பிறகு ஒரு மூலைக் கதிரையில் இருந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்கு நான் பயம். அதனால் இவருடைய வாயாலேயே அது வரட்டும் என்று காத்திருந்தேன். வாய் என்றால் கொழுக்கட்டை வைத்த வாய்.

வானைக் கையேற்ற அன்று இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்தார். உள்ளே ஏறியதும் சுக்கானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓடலாம், ஆனால் பாரம் தூக்கவோ இழுக்கவோ கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அங்கே வலப்பக்கத்தால் ஓட வேண்டும், சுக்கான் இடப்பக்கம் இருக்கும். ஊரில் சாரதி இருக்கிற பக்கத்தில் நான் சுக்கான் இல்லாமல் இருந்தேன். முதல் இரண்டு நாளும் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வீங்கிப்போனது. இவரோ நிலாவெளிப் பஸ்ஸை ஓட்டுகிற மாதிரி ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு ஓடினார். யாராவது வழியில் நின்றால் வேகத்தைக் குறைத்தார். ஆள் ஏற்றுகிற எண்ணமோ என்று கேட்டேன். பழக்கதோஷம் என்று சிரித்தார்.

சந்தோஷமான நாட்கள் அவை, பொய் சொல்லக் கூடாது. கலியாணம் செய்த காலத்தில்கூட நாங்கள் இப்படி ஒன்றாக இருந்ததில்லை. விடிய முதல் பஸ்ஸுக்கு இவர் போய்விடுவார், நான் கந்தோருக்கு. இங்கே விடிந்தால் இரண்டு பேருக்கும் ஒரே ஜன்னல். உள்நாட்டு வழியில் தோல் உரித்த மரங்கள் நின்றன, அடிமரம் மட்டும் செங்கல் நிறத்தில். போத்தல் தக்கை அந்தப் பட்டையில்தான் செய்கிறார்களாம். மின்கம்பங்களின் உச்சியில் பெரிய நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஓரிடத்தில் உப்பளத்தைக் கண்டதும் இவர் வானை ஓரங்கட்டி, இறங்கிப் போய் ஒரு உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டார். நிலாவெளி உப்புத்தான் திறம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்து ஏறினார். ஒரு துறைமுகப் பட்டினத்தில், எங்கள் ஊர்த் துறைமுகத்தில் நிற்பவை போலவே வட்ட வட்டமாக எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டபோது இரண்டு பேருமே ஒரே நேரத்தில் “சீனன்குடா” என்றோம்.

கடைகளில் அவர்கள் பாஷையிலும் கதிரையைக் கதிரை மாதிரியே சொன்னார்கள். சாப்பிடுகிற பாணும் மேசையும் அலுமாரியும் அப்படித்தான். எங்கள் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய அந்தக் காலப் போர்த்துக்கீசர், போகும்போது இருக்கக் கதிரையாவது விட்டுவிட்டுப் போனார்களே என்றேன். கோயில் கல்லுக்குக் கணக்குக் கேட்கவா வந்தாய் என்று இவர் என்னை அடக்கினார். நான் கேட்டிருப்பேன், பாஷை தெரியாததால் தப்பினார்கள்.

இரவில் வான்கள் நிறுத்துவதற்கென்றே வேலி போட்ட புல்வெளிகள் இருந்தன. காசு கட்டினால் தண்ணீரும் மின்சாரமும் தருவார்கள். ஒரு இடத்தில் இவர் இடுப்பில் கட்டுகிற சாரத்தைத் தோய்த்து வானுக்கும் ஒரு மரத்துக்கும் நடுவே கயிறு கட்டிக் காயப்போட்டேன். அந்த இடத்துப் பொறுப்பாளர் வந்து, மரத்தில் கயிறு கட்டக் கூடாது என்று மரியாதையாகச் சைகை காட்டினார். அவிழ்த்து வான் கதவிலே போட்டேன். சாரம் கொடி மாதிரி ஆடியது. போகிற வருகிறவர்கள் எங்களுக்குக் கையசைத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மகளின் கேள்வியை நாங்கள் இருவரும் தொடவில்லை. வானைத் திருப்பிக் கொடுக்கிற நாள் கிட்டி வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் இவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நிலாவெளியில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டால், மறுபடி எடுக்கும்வரை கொஞ்ச நேரம் இருக்கும். மற்றச் சாரதிமார் தேத்தண்ணீர்க் கடைக்குப் போவார்கள். இவர் கடற்கரைக்குப் போவார். அங்கே கரைவலை இழுப்பார்கள். ஒரு ஊர் ஆட்களே சேர்ந்து இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கடலிலிருந்து வலையைக் கரைக்கு இழுப்பது. வழியால் போகிறவன்கூடக் கயிற்றில் கை போடலாம். கை போட்டவருக்குக் கறிக்கு ஒரு பங்கு மீன் உண்டு. அதை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. வலை ஏறியதும் ஓரமாகப் போய்ப் பேசாமல் நிற்க வேண்டும். வலைக்காரர் கண்டு அள்ளிப் போடுவார். அந்த மீனை இவர் பஸ்ஸிலேயே பிரித்துக் கிண்ணியா ஊர்க்காரரான கொண்டக்டருக்குப் பாதி கொடுப்பார். வீட்டுக்கு வருகிற பாதியில் பாதி ஒரு சட்டியில் பக்கத்து வீட்டுக்குப் போகும். சட்டி பின்னேரம் திரும்பி வரும், வெறுஞ்சட்டியாக ஒரு நாளும் வராது. முருங்கைக்காயோ, வட்டிலப்பத் துண்டோ, ஒன்றுமில்லாவிட்டால் நாலு பச்சைமிளகாயாவது கிடக்கும். எங்கள் வீட்டில் இது சோறு சமைப்பது மாதிரி. யாரும் யோசிப்பதில்லை.

ஒரு சின்னக் கடற்கரை ஊரில், காலையில் நான் பாண் வாங்கிக்கொண்டு மணல் மேட்டில் ஏறி வந்தேன். கீழே ஆட்கள் கூடியிருந்தார்கள். அங்கேயும் கரைவலை. உயர்ந்த மூக்குள்ள தோணி ஒன்று மணலில் நின்றது. கயிற்றை ட்ரக்டர் இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் வலையின் மடி, மீன் சேருகிற பை, கரைக்குக் கிட்ட வந்ததும் அலைக்குள் சிக்கிக்கொண்டது. ஆட்கள் இறங்கிக் கையால் இழுக்கத் தொடங்கினார்கள். சுற்றுலா வந்தவர்கள் விலகி நின்று படம் பிடித்தார்கள். இழுக்கிற வரிசையின் கடைசியில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்ட ஒரு வெள்ளைத் தலை. இவர்.

பாணை எங்கே போட்டேன் என்று தெரியாது. மணலில் ஓடினேன். ஹபரணைக் காடும் அந்த யானையும் கண்ணுக்குள் வந்து நின்றன. கிட்டப் போய்க் கயிற்றைப் பிடுங்காத குறையாகச் சொன்னேன். “விடுங்கோ. உங்களுக்கு இழுக்கக் கூடாதெண்டு சொன்னதல்லோ.”

“நான் இழுக்கேல்லை. சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்,” என்றார் இவர்.

சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் கால் மணலுக்குள் ஏன் புதைய வேண்டும்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் இவருடைய முகத்தைப் பார்த்தேன். வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு அப்படி ஒரு முகத்தை நான் காணவில்லை. முன்னால் நின்ற மனிதர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, தோளை ஒதுக்கி இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தார். மடி கரையேறும்வரை, இவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெஞ்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மீன் துள்ளியது. பெண்கள் இரப்பர் அங்கி போட்டுக்கொண்டு மீனைத் தெரிந்தெடுத்துப் பெட்டிகளில் போட்டார்கள். இவர் போய் ஓரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பங்குக்கு நிற்கிறார்.

ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, வாங்க வந்தவர் என்று நினைத்து விரலால் விலை காட்டினாள். இவர் தலையாட்டி மறுத்தார். அவள் விலையைக் குறைத்தாள். இவர் மறுபடியும் மறுத்தார். வெட்கத்தில் நான் காசை எடுத்தேன். இவர் என் கையை அமத்தினார்.

“கை போட்டதுக்குக் காசோ?” என்றார்.

கயிற்றில் இடம் கொடுத்த மனிதர்தான் காப்பாற்றினார். வந்து இவருடைய உள்ளங்கையைப் பிடித்து விரித்து, சிவந்த தழும்பை அந்தப் பெண்ணுக்குக் காட்டி ஏதோ சொன்னார். அவள் உரக்கச் சிரித்தாள். சாளை மாதிரி மீனை இரண்டு கையாலும் அள்ளி என் பைக்குள் போட்டாள். இவர் தலையை ஒருதரம் குனிந்தார், நிலாவெளியில் குனிகிற அதே குனிவு. வானுக்குத் திரும்பும் வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன். இவர் சீழ்க்கை அடித்துக்கொண்டே வந்தார்.

வானுக்கு வந்ததும் படியில் குந்தியிருந்து மீனை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைப் பிளாஸ்டிக் பேசின் சட்டியில் போட்டுக்கொண்டு எழும்பினார். எங்கே என்று கேட்டேன். பக்கத்துக்கு என்றார். பக்கத்தில் எங்கள் வயதுள்ள ஒரு ஜேர்மன் கணவன் மனைவியின் வான் நின்றது. இவர் கதவில் தட்டிப் பேசினை நீட்டினார். அந்த மனிதர் மீனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், எல்லாம் விளங்கியது போல் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இவர் திருப்தியோடு திரும்பி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் பேசின் திரும்பி வந்தது. உள்ளே அதே மீன். செதில் சீவி, குடல் எடுத்து, கழுவி, வரிசையாக அடுக்கியிருந்தது. இந்தக் கிழவனுக்கு மீன் வெட்டத் தெரியாது, உதவி கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. பேசினை மடியில் வைத்துக்கொண்டு, அடுக்கியிருந்த மீனைப் பார்த்தார்.

“பங்கு கிடைச்சிட்டுது. பங்கு குடுக்கத்தான் இஞ்ச ஆளில்லை,” என்றார்.

அதுதான் மகளுடைய கேள்விக்கு இவருடைய பதில். இவர் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார், ஆனாலும் எனக்கு விளங்கியது. விளங்கியதும் பிடிவாதம் வந்தது. ஆளில்லையாமே. ஆளைக் காட்டுகிறேன் என்று குசினிப் பக்கம் போனேன். மீனை மிளகாய்த் தூள் குறைத்துப் புரட்டிப் பொரித்து, புளிக்குத் தேசிக்காய் வெட்டி வைத்து, ஒரு தட்டை நானே கொண்டுபோனேன். வாயருகே கையைக் கொண்டுபோய்ச் சாப்பிடச் சொல்லிக் காட்டினேன். இம்முறை விளங்கியது. தங்கள் மடிப்புக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வான் வாசலுக்கே வந்துவிட்டார்கள். தூள் குறைத்தும் அந்த அம்மாவுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஓட ஓடச் சாப்பிட்டாள். நாலு பேருக்கும் பொதுப் பாஷை இல்லை. போனில் பேரப்பிள்ளைகளின் படங்களை மாறி மாறிக் காட்டினோம். நான் பேத்தியின் பல்லையே எடுத்துக் காட்டினேன். அவர்கள் போன பிறகு, ஆளிருக்கிறதா இல்லையா என்பது போல இவரைப் பார்த்தேன். இவர் “ஓம்” என்று மட்டும் ஒத்துக்கொண்டார்.

விடிந்ததும் கதவைத் திறந்தால், படியில் என் தட்டு. தட்டு நிறைய ஊதா நிறப் பிளம்ஸ் பழம். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி என்ன பேச்சு, இங்கேயும் மனிதர்கள்தானே, இருந்துவிடுகிறோம் என்று மகளுக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டினேன். வழிச் சாப்பாட்டுக்கென்று ஊறப்போட்டிருந்த பருப்பை எடுத்தேன். அரைக்க ஒன்றும் இல்லை. கண்ணாடிப் போத்தலை உருட்டி உருட்டி நசித்தேன். வெங்காயம், செத்தல் மிளகாய் போட்டுப் பிசைந்து வடை தட்டினேன். வெளியே ஏதோ வான் கிளம்புகிற சத்தம் கேட்டது. அங்கே வான்கள் வருவதும் போவதும்தானே என்று எண்ணெயிலேயே கண்ணாக இருந்தேன்.

சூடு ஆறாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பக்கத்தில் ஒன்றுமில்லை. வான் நின்ற இடத்தில் சில்லு பட்டுப் புல் இரண்டு கோடாக அமத்துண்டு கிடந்தது.

நான் தட்டோடு நின்றேன். யாரிலும் குற்றமில்லை. அவர்கள் வழியில் வந்தவர்கள், வழியில் போனார்கள். பழத்தை வைத்துவிட்டுத்தானே போனார்கள். ஆனால் அந்தப் புல்லைப் பார்த்தபோது, இவர் முதல் நாள் பேசினை மடியில் வைத்துக்கொண்டிருந்தது எனக்குள் இறங்கியது. மகளின் வீட்டில் ஜன்னல் இருக்கிறது, ஆசுபத்திரி இருக்கிறது. எதிர்க்கதவுக்காரருடைய முகம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு தட்டு வடைக்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

இவர் பின்னால் வந்து நின்றார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஆறப்போகுது. இஞ்ச கொண்டாரும், சாப்பிடுவம்,” என்றார்.

படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வடை தின்றோம். கடல் இரைந்தது. இவருடைய உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

“ஊருக்குப் போவம்,” என்றேன்.

இவர் மெல்லுவதை நிறுத்தினார். “பேத்தியை விட்டிட்டு வர உம்மால ஏலுமோ?”

“ஏலாது,” என்றேன். “ஆனாலும் போவம்.”

மகளுக்கு நானே போனில் சொன்னேன். அவள் மருந்து, டொக்டர், கொழும்புக்குப் போகிற வழி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். யானைக்கு மட்டும் என்னால் பொறுப்புச் சொல்ல முடியவில்லை. பேத்தி போனைப் பறித்து, பல் என்ன ஆகும் என்று கேட்டாள். பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்றேன். வருகிற லீவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். லிங்கநகர் வீட்டு அலுமாரியில் என் தாலிக்கொடிப் பெட்டிக்குள் அது இருக்கிறது.

இவரை நிலாவெளிக்குத் தனியே விடுவதில்லை என்பது என் நிபந்தனை. ஊருக்கு வந்த கிழமையே இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கரைவலை வந்துகொண்டிருந்தது. இவர் காற்சட்டையை மடிக்கத் தொடங்கினார். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முன்னாலே போய்க் கயிற்றைப் பிடித்தேன். வரிசையில் நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“நான் இழுக்கிறன்,” என்றேன் இவரிடம். “நீங்கள் சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

இவர் எனக்குப் பின்னால் வந்து கயிற்றில் கை வைத்தார். சொன்ன சொல் தவறவில்லை. பாரம் முழுக்க என் கையில்தான் இருந்தது. உள்ளங்கை எரிந்தது, தோள் கழன்றது, முதுகுக்குப் பின்னால் இவருடைய மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. வலை ஏறியதும் இரண்டு பேரும் ஓரமாகப் போய்ப் பேசாமல் நின்றோம். வலைக்காரர் இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் இரண்டு பங்கு போட்டார்.